ஓலையில் விட்டுப்போன சொல்

எங்கள் அக்காவின் கல்யாணத்தைக் கெடுத்தவர் எங்கள் போதகர் ஐயாதான். மாப்பிள்ளை வீட்டார் இல்லை. நீங்கள் உங்கள் வீடுகளில் பேசிக்கொண்ட மாதிரி அக்காவின் நடத்தையும் இல்லை. அவர்தான்.

என்னோடு ஞாயிறு பள்ளியில் பாய் போட்டு உட்கார்ந்தவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப்பேர் விருத்தாசலத்தை விட்டுப் போய்விட்டீர்கள். சபை வாட்ஸ்அப் குரூப்பில் கைகூப்புகிற பொம்மை போடுவதோடு ஊருக்கும் உங்களுக்கும் உள்ள உறவு முடிந்துவிடுகிறது. போன வாரம் அதே குரூப்பில் கோயில் ஆண்டுவிழா அழைப்பிதழ் வந்தது. நடுவில் சிறப்பு விருந்தினராக அவர் படம். முடியெல்லாம் வெள்ளை, கண்ணாடி, அதே மெலிந்த கழுத்து. படத்துக்குக் கீழே என்ன போட்டிருந்தது? "ஊழியத்துக்காக இல்லறத்தைத் துறந்த தியாகி." அதற்குக் கீழே வரிசையாக ஆமென், ஆமென் என்று போட்டீர்கள்.

நான் போடவில்லை. போனைக் கட்டில்மேல் எறிந்துவிட்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறேன். உட்கார முடியவில்லை. எழுதினாலாவது உட்கார முடிகிறதா பார்க்கலாம்.

பெயர் எதையும் எழுதமாட்டேன். உங்களுக்கு எல்லாப் பெயரும் தெரியும்.

அப்பா இறந்த மறு வருஷம் அக்கா செராமிக் பேட்டையில் ஒரு ஷெட்டுக்கு வேலைக்குப் போனாள். தகரக் கூரை, பெரிய தொட்டி, தொட்டி நிறைய பால் மாதிரி கரைத்த மண். அதைக் குவளையில் மொண்டு பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றுவார்கள். அச்சு ஈரத்தைக் குடிக்கும். காதை வைத்துக் கேட்டால் சின்னதாகச் சத்தம் வரும், குழந்தை பால் குடிக்கிற மாதிரி. ஓரம் கட்டியானதும் மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டு அச்சைப் பிரித்தால் உள்ளே ஒரு யானையோ பிள்ளையாரோ இருப்பார். இரண்டு பாதி சேர்ந்த இடத்தில் முதுகில் ஒரு கோடு ஓடும். அந்தக் கோட்டைக் கத்தியால் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைப்பதுதான் அக்கா வேலை. சாயந்திரம் வீட்டுக்கு வரும்போது புருவம்கூட வெள்ளையாக இருக்கும்.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கேதான் போவேன். உங்களில் சிலரும் வருவீர்கள். சூளையிலிருந்து முதல் சூடு ஆறி வந்த பொம்மையை நாக்கில் வைத்தால் நாக்கு அப்படியே ஒட்டிக்கொள்ளும், ஞாபகம் இருக்கிறதா? வெளியே உடைசல் மேட்டில் தலையில்லாத புத்தர்கள், தும்பிக்கை இல்லாத யானைகள், மின்சார ஃபியூஸ் கட்டைகள். பொறுக்கி வைத்து வீடு கட்டி விளையாடினோம். இப்போது அந்த மேட்டில் ஏதோ கல்யாண மண்டபம் நிற்கிறது. அது போகட்டும்.

போதகர் ஐயா அந்த ஷெட்டுக்கு வந்ததற்குக் காரணம் கிறிஸ்துமஸ் குடில். அவர் எங்கள் சபைக்கு வந்த முதல் வருஷம் அது. படிப்பு முடித்து நேராக இங்கே அனுப்பியிருந்தார்கள். கல்யாணம் ஆகவில்லை. தெற்கத்திப் பேச்சு. சைக்கிளில் மணி கிடையாது, செயின் மட்டும் கவரில் உரசி டரக் டரக் என்று கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்தே "ஐயா வராரு" என்று சொல்லிவிடுவோம்.

குடிலுக்குப் பொம்மை வேண்டும் என்றார். ஷெட்டு முதலாளி சிரித்துவிட்டார். "மரியாளுக்கும் யோசேப்புக்கும் நான் எங்க ஐயா அச்சுக்குப் போவேன்? எங்கிட்ட இருக்கறது கொலு அச்சுதான். வேணும்னா பிள்ளையார் தரேன், எலி இலவசம்."

அக்காதான் தலை நிமிர்ந்தாள். "இருக்கற அச்சுலயே பண்ணலாங்க" என்றாள்.

செய்தாள். குடம் சுமக்கிற கோபிகை பொம்மையை அச்சிலிருந்து எடுத்து, ஈரம் காய்வதற்கு முன்னால் குடத்தை அறுத்து எறிந்துவிட்டுத் தலையில் முக்காடு போட்டாள். மரியாள் ரெடி. தாடி வைத்த முனிவரின் கமண்டலத்தைப் பிடுங்கினாள், யோசேப்பு. பாலகன் இயேசுதான் கஷ்டம். கடைசியில் தவழும் கிருஷ்ணனை எடுத்து மயில் பீலியைச் சுரண்டி, கையிலிருந்த வெண்ணெய் உருண்டையையும் சுரண்டினாள். ஆனாலும் குழந்தை தவழ்ந்துகொண்டேதான் இருந்தது. அவள் அதை உள்ளங்கையில் வைத்துக் காட்டியபோது போதகர் ஐயா குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். ஒரு போதகர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"பிறந்த அன்னைக்கே தவழுதாரே!" என்றார்.

"அவுரு கடவுள்தானுங்களே, தவழ மாட்டாரா?" என்றாள் அக்கா.

அந்த வருஷம் குடிலைப் பார்க்க வந்த சபை மூப்பர்கள் முகத்தைச் சுளித்ததும், ஐயா அதே பதிலை அவர்களிடம் வேத வசனம் மாதிரி சொன்னதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

பொம்மை முடிந்த பிறகும் அவர் ஷெட்டுக்கு வந்தார். குடிலுக்கு ஆடு வேண்டும், இன்னொரு ஆடு வேண்டும், ஒட்டகம் வேண்டும். கிறிஸ்துமஸ் முடிந்தும் ஆடு கேட்டு வந்தவர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும். வந்தால் உட்காரமாட்டார். தொட்டிக்கும் கதவுக்கும் நடுவில் நடந்துகொண்டே பேசுவார். போகிறேன் என்று சைக்கிளை எடுப்பார், மறுபடி நிறுத்துவார்.

ஒன்று மட்டும் நான் கவனித்தேன். சபையில் எல்லாப் பெண்களையும் அவர் "சகோதரி" என்று சேர்த்துத்தான் கூப்பிடுவார். ஷெட்டில் அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வெறும் பெயர். கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுப்பார், அவர் ஊர்க்காரர்கள் இழுக்கிற மாதிரி. அந்தப் பெயரை அப்படி வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அம்மாகூட.

ஒரு நாள் அக்கா சொன்னாள், "ஐயா வேற ஊருக்கு மாத்தல் கேக்கப் போறாராம்."

"ஏங்க்கா? நம்ம ஊரு புடிக்கலியா?"

"சும்மா இருடி" என்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

எனக்கு அன்று புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது. வேலை பார்க்கிற சபையிலேயே போதகர் பெண் எடுக்கக் கூடாது என்று எங்கள் மூப்பர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். சபைப் பெண்கள் எல்லோரும் அவருக்கு மகள்களாம். அப்பா இல்லாத எங்கள் வீட்டுக்கு அவர்தான் அப்பா ஸ்தானமாம். அவருக்கே முப்பது வயது ஆகியிருக்காது. மாற்றல் வாங்கிக்கொண்டு போய், அங்கிருந்து பெண் கேட்கலாம். அது ஒன்றுதான் வழி. அவர் செய்யவேண்டியிருந்தது ஒரே ஒரு காரியம், மாற்றல் கேட்பது.

கேட்கவில்லை. ஷெட்டுக்கு வருவது குறைந்தது. மூப்பர்களில் யாரோ அவரைக் கூப்பிட்டுப் பேசியிருக்கவேண்டும். பிரசங்கத்தில் கடமை, சிலுவை சுமப்பது என்று அதிகமாகப் பேச ஆரம்பித்தார். அதே நாட்களில்தான் அக்காவுக்கு ஒரு வரன் வந்தது. ஜங்ஷனில் ரயில்வே வேலை, குடும்பம் நல்லூர் பக்கம். அம்மா உடனே சரி சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும். போதகர் ஐயாவை வீட்டுக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினாள்.

வந்தார். டீ கொடுத்தோம். அக்கா அடுப்படியில் இருந்தாள். கதவு என்று ஒன்று கிடையாது, ஒரு சாக்குத் திரைதான்.

"நல்ல எடம்னு சொல்றாங்க ஐயா. இருந்தாலும் உங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டு சொல்லலாம்னு இருக்குறேன்" என்றாள் அம்மா. பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, "நீங்க வேணாம்னா நான் இப்பவே வேணாம்னு சொல்லிடுவேன்" என்றாள்.

இதைவிடத் தெளிவாக ஒரு தாய் எப்படிக் கேட்பாள்? நீங்களே சொல்லுங்கள்.

அவர் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். டீயில் ஆடை படிந்துவிட்டது. அதை விரலால் எடுத்து ஓரத்தில் வைத்தார். திரையைப் பார்த்தார். "நல்ல குடும்பம்மா. பையன் ஒழுங்கா கோயிலுக்கு வாரான். செய்யலாம்" என்றார்.

டீயைக் குடிக்கவில்லை. எழுந்து போய்விட்டார். செயின் சத்தம் தெருக்கோடி போய், நின்று, கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி கேட்டது. அக்கா வெளியே வந்து டம்ளரை எடுத்தாள். "சரின்னு சொல்லிடும்மா" என்றாள். அவ்வளவுதான்.

இனி ஓலை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று கோயிலில் ஓலை வாசிப்பார்களே, அதில் பெண்ணுக்கு என்ன சொல்வார்கள்? கல்யாணம் ஆகாதவள் என்றால் "கன்னிகை" என்று சொல்லிப் பெயரைச் சொல்வார்கள். மறுகல்யாணம் என்றால் "விதவை" என்று சொல்லிப் பெயரைச் சொல்வார்கள். இரண்டில் ஒன்று. மூன்றாவது கிடையாது. முடிவில், தடை தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லலாம் என்று கேட்டு நிறுத்துவார்கள். அந்த மூன்று ஞாயிறும் கல்யாணப் பெண் கோயிலுக்கு வரமாட்டாள், வெட்கப்படவேண்டும் என்பது எங்கள் சபை வழக்கம். அதனால் அக்கா வீட்டில் இருந்தாள். நான் போனேன். பனை ஓலையை எடுத்து வாசிப்பார் என்று நினைத்துப் போனவள் நான். காகிதம்தான். ஏமாற்றமாக இருந்தது.

முதல் ஞாயிறு மழைக்கு ஒதுங்குகிறவர் மாதிரி வேகமாக வாசித்து முடித்தார். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

இரண்டாம் ஞாயிறு காகிதத்தைப் பார்க்காமல் வாசித்தார். மாப்பிள்ளையை "வாலிபன்" என்று சொல்லிப் பெயரைச் சொன்னார். பிறகு நிறுத்தினார். ஜன்னல் பக்கம் பார்த்தார். அக்காவின் பெயரைச் சொன்னார். வெறும் பெயர். கன்னிகை என்ற சொல் இல்லை.

பெண்கள் பக்கம் முக்காடுகள் அசைந்தன.

"கன்னிகைன்னு சொல்லலியே?"

"சொல்லல. நானும் கேட்டேன்."

"கன்னிகையும் இல்ல, விதவையும் இல்லன்னா என்னாடி அர்த்தம்?"

"அவருக்குத் தெரியாததா? பாவ அறிக்கையெல்லாம் அவர்கிட்டத்தான் போவுது. பொய் சொல்ல மனசு வரல போல."

இப்படித்தான் முடிவுகட்டினார்கள். உங்கள் அம்மாக்கள்தான். என் முன் பெஞ்சில், பின் பெஞ்சில். அவர்களுக்கு விட்டுப்போன சொல் மட்டும் கேட்டது. எனக்கு அந்த இழுப்பு கேட்டது. பெயரின் கடைசி எழுத்தை அவர் ஷெட்டில் இழுக்கிற மாதிரியே இழுத்திருந்தார். மடத்தனம் என்று சொன்னால் அதுதான். ஆயிரம் தடவை ஒருத்தியை எப்படிக் கூப்பிட்டாரோ, அப்படியே பலிபீடத்துக்கு முன்னால் நின்று கூப்பிட்டுவிட்டார்.

வீட்டுக்கு ஓடினேன். அக்கா அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். "எப்படி வாசிச்சாரு?" என்று கேட்டாள். நான் அவர் மாதிரியே நின்று, ஜன்னலைப் பார்த்து, பெயரை இழுத்துச் சொல்லிக் காட்டினேன். குழவி நின்றுவிட்டது. அக்கா குனிந்துகொண்டாள். அவள் சிரித்தாள் என்று நான் சத்தியம் செய்வேன். சிரித்தாள், கண்ணையும் துடைத்தாள். மசாலாக் கை என்பதால் எரிச்சலில் மறுபடி துடைத்தாள்.

புதன்கிழமைக்குள் ஊர் பற்றிக்கொண்டது. குழாயடியில் அம்மாவுக்கு வழி விட்டு ஒதுங்கினார்கள், மரியாதைக்காக அல்ல. ஷெட்டில் ஒருவன் அக்காவிடம், "உனக்கு எந்த அச்சு போட்டாங்க, கன்னிகையா விதவையா?" என்று கேட்டுவிட்டு ஓடினான். மாப்பிள்ளையின் அம்மா பஸ் பிடித்து வந்து எங்கள் வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. உங்க ஐயாவே வந்து, நான்தான் தவறி வுட்டுட்டேன், பொண்ணு மேல ஒண்ணும் இல்லன்னு சபை முன்னால சொல்லட்டும். எனக்கு அது போதும்" என்றார். நியாயமான பேச்சு. இன்றைக்கும் நான் அந்த அம்மாவைக் குறை சொல்லமாட்டேன்.

அம்மா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். அவர் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் செயின் மாட்டிக்கொண்டிருந்தார். கையெல்லாம் மசி.

"ஊரு ஒரு மாதிரியா பேசுது ஐயா. வாய் தவறி வுட்டுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"வர்ற ஞாயிறு சரியா வாசிச்சிருதேன்மா. அது போதும்."

"போதாதுங்க. ஏன் வுட்டீங்கன்னு கேக்குறாங்க."

அவர் பெடலைக் கையால் சுற்றினார். சக்கரம் சும்மா ஓடியது. "ஏன்னு சொல்ல ஆரம்பிச்சா எங்க போய் நிக்கும்னு உங்களுக்கே தெரியும். அப்புறம் இந்த அங்கியோட நான் இங்க நிக்க முடியாதும்மா. இந்தச் சபையை என்னை நம்பிக் கொடுத்திருக்காங்க."

"அப்ப எம் பொண்ணு எதோட நிப்பா?"

சக்கரம் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் அதையே பார்த்தார். கண்ணில் தண்ணீர் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்கமாட்டேன். அம்மா என் கையை இழுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள்.

மூன்றாம் ஞாயிறு கோயில் நிரம்பியிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா முன் பெஞ்சில். அவர் காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசித்தார். "கன்னிகை" என்றார், கடைசிச் சுவர் வரை கேட்கும்படி. அக்காவின் பெயரைச் சொன்னார், இழுப்பு இல்லாமல், வெட்டின மாதிரி. பிறகு என்ன தோன்றியதோ, "ஆகிய இந்தக் கன்னிகை" என்று இன்னொரு தடவை சொன்னார்.

ஆண்கள் பக்கத்திலிருந்து தையல்காரர் குரல் கேட்டது. "போன வாரம் பாக்கிய சேத்துக் குடுக்கறாரு!"

சிரித்தார்கள். கோயிலுக்குள் சிரித்தார்கள். உங்களில் யார் யார் சிரித்தீர்கள் என்று எனக்குத் தெரியும், அப்போது உங்களுக்கு விவரம் தெரியாது, விடுகிறேன். தடை தெரிந்தவர்கள் உண்டா என்று அவர் கேட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. தடை என்ன என்று தெரிந்த ஒரே ஆள் அங்கி போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்து நின்றார். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து வெளியே போனார். சாயந்திரத்துக்குள் நிச்சயத் தாம்பூலத்தட்டு திரும்பி வந்தது.

அன்றைக்கும் அக்கா "எப்படி வாசிச்சாரு?" என்று கேட்டாள். சொல்லிக் காட்டினேன், இரண்டு கன்னிகையையும். அவள் நிமிரவில்லை. தண்ணீர் தெளித்துத் தெளித்து அரைத்துக்கொண்டே இருந்தாள். "போதும்டி, கரைஞ்சுடுச்சு" என்று அம்மா வந்து குழவியைப் பிடுங்கினாள்.

அந்த வெயில் காலத்திலேயே அவருக்கு மாற்றல் வந்தது. கேட்காமல் வந்ததா, கேட்டு வந்ததா, எனக்குத் தெரியாது. கேட்டு வந்ததென்றால், வரன் வருவதற்கு முன்னால் தை மாதமே கேட்டிருக்கலாம். போனவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெரிய பெரிய சபைகளில் இருந்தார், பெயர் எடுத்தார். அக்காவும் செய்துகொள்ளவில்லை. ஷெட்டிலேயே இருந்தாள், இருமல் வந்து கண்ணில் புரை விழும்வரை இருந்தாள். அவருக்குக் கல்யாணம் ஆகாதது தியாகம். அக்காவுக்குக் கல்யாணம் ஆகாதது சந்தேகம். போன வருஷம்கூட எங்கள் வீட்டுக்கு வந்த மருமகள் பொண்ணு என்னிடம் ரகசியமாகக் கேட்கிறது, "பெரியம்மாவுக்கு அந்தக் காலத்துல என்னமோ நடந்துச்சாமே?" அது பிறக்காத காலத்துப் பேச்சு, அதன் வாய்வரை வந்து சேர்ந்திருக்கிறது.

குடில் பொம்மைகள் ஒன்றும் மிச்சமில்லை. மரியாள் வெள்ளையடிக்கும்போது விழுந்தாள். யோசேப்பை எலி உருட்டிவிட்டது. தவழும் பாலகன் எப்படிப் போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. இப்போது சென்னையிலிருந்து பிளாஸ்டிக் செட்டு வருகிறது.

நேற்று அக்கா வீட்டுக்குப் போய் அழைப்பிதழைப் படித்துக் காட்டினேன். தியாகி என்ற இடத்தில் நான் கத்தினேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வரட்டும்டி. வயசாயிடுச்சு அவருக்கு."

"உனக்கு ஆவலியா? அந்த ஒரு வார்த்தைய வுட்டு உன் வாழ்க்கைய..."

"வுட்டதுக்கு நான் கோவப்படலடி" என்றாள். கீரைக் காம்பை ஒதுக்கினாள். "வுட்டாரு பாரு, அன்னிக்கு ஒருநாள்தான் அவரு நெசமா வாசிச்சாரு. நான் அதுக்கு சந்தோசந்தான் பட்டேன். அடுத்த வாரம் ரெண்டு தடவ சேத்தாரே..." கை நின்றது. "அத ஏண்டி சேத்தாரு?"

இத்தனை வருஷமாக விட்டதற்காகத்தான் நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அக்காவுக்குக் காயம் வேறு இடத்தில் இருந்திருக்கிறது.

ஐயா, இந்த இடத்திலிருந்து உங்களிடம் பேசுகிறேன். குரூப்பில் யாராவது உங்களுக்கு இதை அனுப்புவார்கள், அதற்குத்தான் எழுதுகிறேன். விழாவுக்கு வாருங்கள். மாலையைப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு மைக்கைக் கையில் வாங்கி இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அந்தச் சொல்லை ஏன் விட்டீர்கள்? விட்டவர் மறுவாரம் ஏன் சேர்த்தீர்கள்? முதல் பதில் ஊருக்கு. இரண்டாவது அக்காவுக்கு. அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லவேண்டாம், போனில் சொல்லவேண்டாம், ஜெபத்தில் சுற்றி வளைத்துச் சொல்லவேண்டாம். அவள் பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருப்பாள். பலிபீடத்துக்கு முன்னால், ஓலை வாசித்தீர்களே, அதே இடத்தில் நில்லுங்கள். அவள் பெயரைச் சொல்லிவிட்டு, சபை கேட்கப் பதில் சொல்லுங்கள்.